மலிவான காஸும் நீண்ட வரிசையும்: பாகிஸ்தான் வாகனங்கள் சொல்லும் பாடம்



2022ஆம் ஆண்டை எமதூரில் யாரும் மறந்திருக்க மாட்டோம். பெற்றோல் செட்டுக்கு முன்னால் ஓட்டோவை வரிசையில் விட்டு, அதற்குள்ளேயே சுருண்டு படுத்து, சுபஹுக்குப் பக்கத்துப் பள்ளியில் தொழுதுவிட்டு மீண்டும் வரிசைக்கு ஓடி வந்தவர்கள் எம்மில் எத்தனையோ பேர். ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர்.

அந்த நாட்களில் ஓட்டோ ஓட்டும் பழைய மாணவர் ஒருவர் எம்மிடம் கேட்டார்:

"சேர், இந்தியா, பாகிஸ்தான்ல எல்லாம் ஓட்டோ இயற்கை வாயுவுல ஓடுதாமே. நமக்கும் அது இருந்திருந்தா இப்படி நாள் கணக்கா நிக்கத் தேவல்லையே?"

அன்று எம்மிடம் சரியான பதில் இருக்கவில்லை. பிறகு ஓய்வு கிடைத்தபோதெல்லாம் தேடிப் படித்தோம். படித்ததில் எம்மை நிறுத்தி யோசிக்க வைத்த விடயம் இதுதான்: உலகத்திலேயே மிக அதிகமான வாகனங்களை இயற்கை வாயுவுக்கு மாற்றிய நாடு ஒரு காலத்தில் பாகிஸ்தான். அதே நாட்டில்தான் காஸுக்காக மக்கள் இரவிரவாக வரிசையில் நின்றார்கள். நாம் 2022இல் பட்ட கஷ்டத்தை அவர்கள் பத்து வருடங்களுக்கு முன்பே பட்டுவிட்டார்கள்.

கொஞ்சம் நீளமான பதிவு. ஓட்டோ, வேன் வைத்திருப்பவர்களும் பிள்ளைகளை ஸ்கூல் வேனில் அனுப்பும் பெற்றோரும் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம்

எமது குசினியில் இருக்கும் காஸும் வாகனத்துக்கு அடிக்கும் சிஎன்ஜியும் ஒன்றல்ல. சமையல் காஸ் புரொப்பேனும் பியூட்டேனும் சேர்ந்தது. கொஞ்சம் அழுத்தினாலே அது திரவமாகிவிடும். அதனால்தான் 12.5 கிலோ சிலிண்டரை ஆட்டிப் பார்த்தால் உள்ளே தளும்புவது தெரிகிறது.

இயற்கை வாயு பெரும்பாலும் மெத்தேன். சாதாரண வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. திரவமாக்க வேண்டுமானால் மறை 162 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்க வேண்டும். அது கப்பலுக்குச் சரிவரும், ஓட்டோவுக்குச் சரிவராது. ஆகவே சின்ன வாகனங்களில் கொண்டுபோக நடைமுறையான வழி, வாயுவாகவே வைத்து நெருக்கி அடைப்பதுதான்.

எவ்வளவு நெருக்க வேண்டும்? ஒரு லீற்றர் பெற்றோலில் இருக்கும் சக்தியை இயற்கை வாயுவில் எடுக்க ஏறத்தாழ 1000 லீற்றர் வாயு வேண்டும். வீட்டு மேலே வைத்திருக்கிறோமே 1000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி, அது நிறைய வாயு. அதற்குச் சமம் ஒரு போத்தல் பெற்றோல்! எனவே 200 பார் அழுத்தத்தில் அடைக்கிறார்கள். ஒரு காரின் ரயரில் இருப்பது 2 பார் அளவுதான். அதைப்போல நூறு மடங்கு.

இந்த முறையின் கஷ்டங்கள் எல்லாவற்றுக்கும் வேர் இந்த ஒரு விடயம்தான். வாயு எரிவதில் குறை இல்லை. டீசலைப் போல கரும்புகை தள்ளாது, நன்றாகவே எரியும். அதைச் சுமப்பதும், நிரப்புவதும், ஊருக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும்தான் பிரச்சினை.

பஸ்ஸின் கூரையில் ஒரு பை

இது புதிய யோசனையும் அல்ல. முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியாவில் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, நிலக்கரி வாயுவைப் பெரிய பைகளில் நிரப்பி பஸ்களின் கூரையில் கட்டி ஓட்டினார்கள். வாகனத்தை விடப் பை பெரிதாகத் தெரியும் படங்கள் இன்றும் இருக்கின்றன. கொஞ்சத் தூரம் போனதும் பை சுருங்கிவிடும், திரும்பவும் நிரப்ப வேண்டும். இரண்டாம் உலகப் போரிலும் ஐரோப்பாவில் இதே காட்சி. 1930களில் இத்தாலி தன் நாட்டு வாயுவை உருளைகளில் அழுத்தி அடைத்து வாகனங்களுக்குப் பயன்படுத்தத் தொடங்கியது. பை போய் இரும்பு உருளை வந்தது.

கவனித்துப் பாருங்கள். பெற்றோல் தாராளமாகக் கிடைத்த காலத்தில் வாயுவைத் தேடிப் போனவர்கள் குறைவு. பெற்றோல் இல்லாதபோது, அல்லது பெற்றோலுக்குக் கொடுக்க டொலர் இல்லாதபோதுதான் நாடுகள் வாயுப் பக்கம் திரும்பின. பாகிஸ்தானும் அப்படித்தான்.

சுயி காஸ் தந்த நம்பிக்கை

1952இல் பலூசிஸ்தானின் சுயி என்ற இடத்தில் மிகப்பெரிய இயற்கை வாயுப் படுகை கண்டுபிடிக்கப்பட்டது. 1955இல் அங்கிருந்து குழாய் வழியாகக் கராச்சிக்கு வாயு போய்ச் சேர்ந்தது. பின்னர் நகரம் நகரமாக வீட்டுக்கு வீடு குழாய். இன்றும் அங்கே வீட்டுக்கு வரும் வாயுவைப் பலரும் 'சுயி காஸ்' என்றே சொல்கிறார்கள். ஓர் ஊரின் பெயரே எரிபொருளின் பெயராகிவிட்டது.

வாகனத்துக்கான முதல் சிஎன்ஜி நிலையம் 1982இல் கராச்சியில் பரீட்சார்த்தமாக அமைக்கப்பட்டது. 1992இல் அதற்கான சட்ட விதிகள் வந்தன. 2000க்குப் பிறகு வேகம் பிடித்தது. எண்ணெய் விலை ஏறியது, வங்கிகள் தவணைக்குக் கார் கொடுத்தன, பெற்றோலை விடக் காஸ் மிக மலிவாக இருந்தது. மூலைக்கு மூலை கிற் பொருத்தும் கடைகள். காலையில் வாகனத்தை விட்டால் மாலையில் காஸில் ஓடும் வாகனமாக எடுத்துப் போகலாம்.

2011 அளவில் 28 லட்சத்தை அண்மித்த வாகனங்கள், 3,000க்கும் மேற்பட்ட நிலையங்கள். உலகில் முதலிடம். வெளிநாடுகளில் இருந்தெல்லாம் வந்து பார்த்துப் பாராட்டிய காலம் அது.

வாகனத்துக்குள்ளே நடந்தது

இனி நடைமுறைக்கு வருவோம். பாகிஸ்தானில் மிகப் பிரபலமான சின்னக் கார் சுசுகி மெஹ்ரான். எமது வீதிகளில் ஓடும் மாருதி 800க்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். அதன் டிக்கி எவ்வளவு என்று எமக்குத் தெரியும். 60 லீற்றர் கொள்ளளவுள்ள இரும்புச் சிலிண்டரை அதற்குள் வைத்தால் ஒரு பயணப் பை வைக்க இடமில்லை. சிலிண்டர் வெறுமையாக இருக்கும்போதே ஏறத்தாழ 60 கிலோ. வளர்ந்த ஆள் ஒருவரை எந்நேரமும் பின்னால் ஏற்றிக்கொண்டு போவது போல.

இவ்வளவு சுமந்தும் அதற்குள் அடங்குவது 10 கிலோ அளவு வாயுதான். 14, 15 லீற்றர் பெற்றோலுக்குச் சமம். எனவே அடிக்கடி நிரப்ப வேண்டும்.

இஞ்சினுக்குள் போகும் வாயு, காற்றுக்குரிய இடத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கிறது. காற்றுக் குறைந்தால் வலுக் குறையும். பெற்றோலுக்கென்று செய்து காஸுக்கு மாற்றிய இஞ்சின்களில் 10 வீதம் அளவில் வலு இழப்பு சாதாரணம். சமதரையில் தெரியாது. ஏற்றத்தில் ஆட்களை நிரப்பிக்கொண்டு போகும்போது தெரியும். காஸ் உலர்ந்த எரிபொருள் என்பதால் வால்வுகள் விரைவில் தேய்வதும் உண்டு. பெற்றோல் பக்கத்தைப் பாவிக்காமலே விட்டால் அந்தப் பம்பும் குழாய்களும் பழுதாகும். மாதக் கடைசியில் பெற்றோலில் மிச்சம் பிடித்த காசில் ஒரு பகுதி மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

நிலையத்தில் நடந்தது

பெற்றோல் செட்டில் ஒரு தாங்கியும் பம்பும் இருந்தால் போதும். சிஎன்ஜி நிலையத்துக்குக் குழாய் வழியாக வாயு வரவேண்டும், அதை 200 பாருக்கு மேல் அழுத்தும் பெரிய கொம்பிரசர் வேண்டும், அந்தக் கொம்பிரசருக்குக் கரண்ட் வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வேலை நின்றுவிடும். பாகிஸ்தானில் அந்த வருடங்களில் மின்வெட்டும் கடுமையாக இருந்தது. காஸ் இருக்கும், கரண்ட் இருக்காது. ஜெனரேற்றர் வைத்தால் செலவு கூடும்.

இன்னொன்றும் உண்டு. அழுத்தி வைத்த வாயுவில் முதலில் நிற்பவருக்கு முழுதாக நிரம்பும். பல வாகனங்கள் அடித்து முடிந்ததும் சேமிப்பில் அழுத்தம் இறங்கிவிடும். பின்னால் நிற்பவருக்கு நேரமும் கூடும், அளவும் குறையும். வேகமாக நிரப்பினால் வாயு சூடாகும். சூடான வாயு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வாகனம் ஆறியபின் பார்த்தால் முள் கீழே இறங்கியிருக்கும். குளிர்காலத்தில் வீடுகளில் ஹீற்றர்கள் எரியத் தொடங்கினால் குழாயிலேயே அழுத்தம் விழுந்துவிடும்.

குழாய் வற்றியபோது

இதெல்லாம் சமாளிக்கக்கூடிய கஷ்டங்கள். சமாளிக்க முடியாதது பிறகுதான் வந்தது.

பாகிஸ்தானின் வாயு உற்பத்தி நாளொன்றுக்கு 400 கோடி கன அடி அளவில் நின்றுவிட்டது. தேவையோ வருடா வருடம் ஏறியது. வீட்டு அடுப்பு, உரத் தொழிற்சாலை, மின் நிலையம், ஆடைத் தொழிற்சாலை எல்லாம் அதே குழாயில்தான் வாய் வைத்திருந்தன. பற்றாக்குறை வந்ததும் அரசாங்கம் ஒரு வரிசை போட்டது. அந்த வரிசையில் வாகனங்கள் கடைசிப் பக்கம். ஏழை வீட்டுக் குசினியை மூடிவிட்டுக் காருக்குக் காஸ் கொடு என்று யாரும் கேட்க முடியாதல்லவா?

2008இல் புதிய நிலையங்களுக்கு உரிமம் கொடுப்பதை நிறுத்தினார்கள். 2011 டிசம்பரில் கிற்களும் சிலிண்டர்களும் இறக்குமதி செய்யத் தடை வந்தது. அதற்குள் லட்சக்கணக்கானவர்கள் கடன்பட்டுக் கிற் போட்டு முடிந்திருந்தது. பஞ்சாபில் கிழமைக்கு மூன்று நாள் நிலையங்கள் மூடல் என்று ஆரம்பித்து, பின்னர் குளிர்காலத்தில் தொடர்ச்சியாக மூடும் நிலை வந்தது. திறக்கும் நாளுக்கு முதல் இரவே வாகனங்கள் வரிசையில் நிற்கும். ராவல்பிண்டியிலும் லாகூரிலும் டாக்ஸிக்காரர் ஒரு நாள் உழைக்க ஒரு நாள் வரிசையில் நின்றார்.

ஒரே நாட்டுக்குள்ளும் ஒரே நீதி இருக்கவில்லை. வாயுக் கிணறு இருக்கும் மாகாணத்துக்கே முன்னுரிமை என்று அவர்களது அரசியலமைப்பின் 158ஆம் உறுப்புரை சொல்கிறது. சிந்து மாகாணத்தில் கிணறுகள் இருந்ததால் கராச்சிக்காரருக்கு மூடல் நாட்கள் குறைவு. பஞ்சாப்காரருக்கு அதிகம்.

2012 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டுக் காஸ் விலையைக் கிலோவுக்கு ஏறத்தாழ 30 ரூபா குறைக்க வைத்தது. கேட்கச் சந்தோஷமான செய்தி. ஆனால் அந்த விலைக்கு விற்றால் நட்டம் என்று உரிமையாளர்கள் பலர் நிலையங்களை மூடினார்கள். விலைப் பலகையில் மலிவு, பம்பில் காஸ் இல்லை. இந்த அனுபவம் எமக்கும் புதிதல்ல.

2015 மார்ச்சில் கராச்சியின் போர்ட் காசிம் துறைமுகத்துக்குத் திரவ இயற்கை வாயு, அதாவது எல்என்ஜி, கப்பலில் வரத் தொடங்கியது. பஞ்சாப் நிலையங்கள் அந்த இறக்குமதி வாயுவில் மீண்டும் திறந்தன. ஆனால் விலை இப்போது உலகச் சந்தையோடு கட்டப்பட்டுவிட்டது. எந்த மலிவுக்காகக் கிற் போட்டார்களோ அந்த மலிவு போய்விட்டது. பலர் பெற்றோலுக்குத் திரும்பினார்கள், வெறும் சிலிண்டரையும் சுமந்துகொண்டு.

2022 ஜூலையில் நாம் கியூஆர் அட்டையோடு நின்றோமே, அதே மாதம் பாகிஸ்தான் எல்என்ஜி கப்பல்களுக்கு விலைமனு கோரியது. ஒரு நிறுவனம்கூட முன்வரவில்லை. உக்ரைன் போரால் ஐரோப்பா எல்லாக் கப்பல்களையும் பெரும் விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தது. எமக்குப் பெற்றோல் கப்பல் இல்லை, அவர்களுக்குக் காஸ் கப்பல் இல்லை. எரிபொருளின் பெயர்தான் வேறு.

ஒரு ஸ்கூல் வேன்

இதை எழுத மனம் வரவில்லை. ஆனாலும் ஆசிரியர் என்ற முறையில் எழுதாமல் விட முடியாது.

2013 மே 25ஆம் திகதி, பஞ்சாப் மாகாணத்தின் குஜ்ராத் நகருக்கு அருகில் (இது இந்தியாவின் குஜராத் அல்ல) பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன ஸ்கூல் வேன் தீப்பிடித்தது. 16 பிள்ளைகளும் ஓர் ஆசிரியையும் மௌத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பிள்ளைகளை வெளியே எடுக்கப் போராடித்தான் அந்த ஆசிரியை உயிரை விட்டார்.

சிலிண்டர் வெடித்துவிட்டது என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் சிலிண்டர் அப்படியே இருந்தது. காஸிலிருந்து பெற்றோலுக்கு மாற்றும்போது எழுந்த பொறியிலிருந்தே தீ பற்றியது என்று பொலிசார் சொன்னார்கள்.

இதை நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். சரியான தரத்தில் செய்த சிலிண்டர் இலகுவில் வெடிக்காது. மெத்தேன் காற்றை விட இலேசானது, கசிந்தாலும் வெளியில் என்றால் மேலே போய்விடும். ஆபத்து எங்கே என்றால், ஒரே வாகனத்தில் இரண்டு எரிபொருள், இரண்டு குழாய் வரிசை, கைவேலையாகப் பொருத்திய இணைப்புகள், ஆட்களின் இருக்கைக்குக் கீழே சிலிண்டர், பார்த்துச் சோதிக்க ஆளில்லை. சிலிண்டரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்ய வேண்டும் என்று அங்கே விதி இருந்தது. ஆனால் 28 லட்சம் வாகனங்களை யார் நிறுத்திச் சோதிப்பது? தரமற்ற சிலிண்டர்கள் வெடித்த செய்திகள் அங்கே பல முறை வந்தன.

எமதூரில் யாராவது "மலிவாகச் செய்து தாறன்" என்று சமையல் காஸ் சிலிண்டரை வாகனத்தில் பொருத்த வந்தால், தயவுசெய்து இந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

டெல்லியில் ஏன் தப்பியது?

ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் அது நியாயமாகாது. டெல்லியிலும் இதே சிஎன்ஜிதான். 1998 ஜூலை 28ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், 2001 மார்ச் 31க்குள் டெல்லியின் பஸ்கள் எல்லாம் சிஎன்ஜிக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. நிலையங்களும் போதவில்லை, பஸ்களும் போதவில்லை. 2001 ஏப்ரலில் நகரமே திண்டாடியது. ஓட்டோக்காரர்கள் வரிசையிலேயே உறங்கினார்கள். சில பஸ்கள் தீப்பிடித்தன. 2002 முடியும்போதுதான் மாற்றம் பூர்த்தியானது. பஸ்களின் கரும்புகை மறைந்தது, மக்கள் கண்ணால் கண்டார்கள்.

அங்கே ஏன் நிலைத்தது? 2002 ஏப்ரலில் அதே நீதிமன்றம், வாயு ஒதுக்கீட்டில் போக்குவரத்துக்கு முன்னுரிமை கொடுக்கச் சொன்னது. பாகிஸ்தானில் வாகனம் வரிசையின் கடைசியில், இந்தியாவில் முன்னால். சிலிண்டரும் கிற்றும் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் அந்த இடத்தில்தான்.

டாக்காவிலும் 2002இல் புகை தள்ளிய பழைய ஓட்டோக்களை நீக்கிக் காஸ் ஓட்டோக்களைக் கொண்டுவந்தார்கள். இன்று அந்த ஊரில் ஓட்டோவுக்குப் பெயரே 'சிஎன்ஜி'. ஆனால் மின் நிலையங்களுக்கு வாயு போதாமல் போனதும் மாலை வேளைகளில் நிலையங்களை மணிக்கணக்கில் மூட வேண்டி வந்தது. உழைக்கிற நேரத்திலேயே மூடல்!

எமக்கு என்ன?

எமது நாட்டிலும் வாயு இருக்கிறது. 2011இல் மன்னார்க் கடல் படுகையில் துளையிட்டபோது இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டது. அது இன்னும் கரைக்கு வரவில்லை, வீதிகளுக்குக் கீழே குழாயும் இல்லை. ஒரு நாள் வரலாம். அன்று யாராவது மலிவு விலைப் பலகையைக் காட்டி "உடனே மாறுங்கள்" என்று சொல்லும்போது, பாகிஸ்தான்காரர் கேட்க மறந்த மூன்று கேள்விகளை நாம் கேட்க வேண்டும். இந்த எரிபொருள் எங்கிருந்து வருகிறது, எத்தனை வருடத்துக்கு வரும்? பற்றாக்குறை வந்தால் எமக்கு முன்னால் வரிசையில் நிற்பவர் யார்? வாகனத்தை யார் சோதிப்பார்கள்?

அந்தப் பழைய மாணவர் போன கிழமை மீண்டும் வந்தார். இம்முறை மின்சார ஓட்டோ. லீசிங் கடதாசியையும் கையோடு கொண்டுவந்திருந்தார். "சேர், இதையாவது எடுக்கலாமா?" என்றார். எடுக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, எடுங்கள் என்றும் சொல்லவில்லை. இந்தக் கதையை முழுதாகச் சொல்லிவிட்டு, அதே மூன்று கேள்விகளை மின்சாரத்துக்கும் கேட்கச் சொன்னோம். பற்றரி எத்தனை வருடம், மாற்ற எவ்வளவு, 2022இல் கரண்ட் எத்தனை மணி நேரம் இல்லாமல் இருந்தது என்று அவரே விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். கையெழுத்துப் போடாமல் கடதாசியை மடித்து எடுத்துக்கொண்டு போனார். விசாரித்துவிட்டு வருவாராம்.

பாகிஸ்தானில் படித்தவர்கள், அங்கே தப்லீக் பயணம் போய்வந்தவர்கள், வளைகுடாவில் பாகிஸ்தான் ட்ரைவர்களோடு வேலை செய்தவர்கள் எமதூரில் பலர் இருக்கிறீர்கள். அந்தக் காஸ் வரிசைகளை நேரில் கண்டிருந்தால், அல்லது கேட்டிருந்தால், கீழே எழுதுங்கள். நாம் எழுதியதில் பிழை இருந்தால் திருத்துங்கள். பிள்ளைகளுக்கும் பயன்படும்.